வெள்ளிக்கிழமை அரிசி

மற்ற நாட்களில் காய்ந்த நெல்லை அரைத்தால் பாதி நொய்யாகக் கொட்டியது. வெள்ளிக்கிழமை காய்ந்த நெல் மட்டும் முழு அரிசியாக, நீளம் குறையாமல் விழுந்தது. ஏன் என்று ஷரபுன்னிசாவுக்குப் பிடிபடவில்லை.

மில் வாசலில் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து இரண்டு சொளகுகளை அருகருகே வைத்திருந்தாள். ஒன்றில் வியாழன் அரிசி, மற்றதில் வெள்ளி அரிசி.

"நாகவல்லி, இங்குட்டு வா. நான் சொல்றதுல தப்பிருந்தா சொல்லு. ரெண்டும் ஒரே லாரியில வந்த நெல்லு. ஒரே தொட்டியில ஊறுச்சு. ரெண்டையும் பெத்தன்தான் அவிச்சான். ஒரே மிஷின்ல காஞ்சுச்சு. பெறகு எதுக்கு இது இப்படிக் கெடக்கு, அது அப்படிக் கெடக்கு?"

நாகவல்லி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். சின்ன வயதிலேயே இந்த மில் களத்தில் நெல் காயவைக்க வந்தவள், கல்யாணத்துக்கு மட்டும் லீவு போட்டவள் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

"அக்கா, வெள்ளின்னா எங்க கொப்புடையம்மனுக்கு உகந்த நாளு. உங்க அல்லாவுக்கும் உகந்த நாளு. ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்து பாத்துக்கிட்டா அரிசி எப்படிக்கா உடையும்?"

உள்ளேயிருந்து வந்த அவள் கணவர் ஹலீமும் அதையே வேறு மாதிரிச் சொன்னார். "பரக்கத்து புள்ள, அல்லா குடுக்குற அருளு. அதைப் போயிக் கிண்டிக் கெளறாத."

"பரக்கத்துன்னா திங்கக்கெழமைக்கு ஏன் மச்சான் வரல? அன்னைக்கு லீவா?"

"அஸ்தக்ஃபிருல்லாஹ். வாயைப் பாரு."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சிரிப்பு கண்வரைக்கும் எட்டவில்லை. அவர் சட்டைப் பையில் இருந்த போன் காலையிலிருந்து இரண்டு தடவை அடித்துவிட்டது. சவூதியில், தம்மாமிலிருந்து பழைய முதலாளியின் ஆள். பழைய வேலை அப்படியே இருக்கிறது, வருகிறாயா இல்லையா என்று ஒரு வாரத்துக்குள் சொல்ல வேண்டுமாம். பிள்ளைகள் வளர்ந்த காலம் முழுக்க வெளிநாட்டில் கழித்துவிட்டு, இனி போவதில்லை என்று சொல்லித் திரும்பி வந்து தாய்மாமன் மகளான இவளோடு மில்லை நடத்த ஆரம்பித்து இரண்டு வருசம்தான் ஆகிறது. ஐம்பது தாண்டிய மனுசர். மில் நின்றால் அவர் மறுபடியும் விமானம் ஏற வேண்டும். ஷரபுன்னிசாவுக்கு மறுபடியும் போனில் குடும்பம் நடத்த வேண்டும். அரிசி உடைவது அவளுக்கு வெறும் அரிசி உடைவது அல்ல.

போன கார்த்திகையில் பெய்த மழையில் கண்மாய் உடைந்து தண்ணீர் புதுவயல் ஊருக்குள் வந்தது. பெரிய மில்கள் மேட்டில் இருந்ததால் தப்பித்தன. ரோட்டுக்குக் கீழே இருந்த சின்ன மில்களின் களங்கள்தான் போயின. மேலே பார்க்கத் தண்ணீர் வடிந்ததும் களம் அப்படியே இருப்பதுபோலத் தெரிந்தது. வெயில் அடித்தபிறகுதான் தெரிந்தது, அடிமண் அரித்துப்போய் சிமென்ட் பாளம் பாளமாகத் தூக்கிக்கொண்டு நிற்பது. அதில் நெல்லைக் கொட்டினால் அரிசியோடு சிமென்ட் சல்லியும் சேரும். சல்லி கடிபட்ட அரிசியை ஒரு தடவை வாங்கினவன் மறு தடவை வரமாட்டான்.

உதவி வந்தது. முதலில் பாய், வாளி, பிஸ்கட். பிறகு சென்னையிலிருந்து ஒரு பெயின்ட் கம்பெனி ஆட்கள் வந்து, தொழிலுக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து கேட்டார்கள். எல்லோரும் ஒரே குரலில் களம் வேண்டும் என்றார்கள். தனியார் இடத்தில் கட்டித் தருவதற்குக் கம்பெனி விதியில் இடமில்லை, சங்கமாகச் சேர்ந்தால் மிஷின் தரலாம் என்றார் வந்திருந்த அதிகாரி ஹேமாவதி. சங்கம் சேர்ந்தது. சுற்றியுள்ள சின்ன மில்களுக்கு நெல் காயவைக்கிற டிரையர் ஆளுக்கொன்று வந்து இறங்கியது. அது நிற்கும் ஷெட்டுக்குக் கம்பெனியே பெயின்ட் அடித்துக் கொடுத்தது. அந்த நீலத்தைப் பார்த்துவிட்டு, "மில்லைவிட மிஷினுக்கு வீடு நல்லாருக்கு" என்றாள் நாகவல்லி.

மிஷின் நல்ல மிஷின்தான். ஆள் உயரத்துக்கு மூன்று மடங்காக ஒரு தகரக் கோபுரம். பக்கத்தில் உமி போட்டு எரிக்கிற அடுப்பு. காத்தாடி அந்தச் சூட்டை இழுத்துக் கோபுரத்துக்குள் ஊதும். நெல் வாளித்தொடரில் ஏறி, உச்சியில் கொட்டி, சூட்டுக்காற்றுக்குள் மெல்ல இறங்கி, அடியில் வந்து மறுபடி ஏறும். இப்படிச் சுற்றிச் சுற்றிக் காயும். மழையும் தடுக்காது, மேகமும் தடுக்காது. களத்தில் ஒரு நாள் முழுக்கக் காய்வது இதில் மத்தியானம் தாண்டி முடிந்துவிடும். ஓட்டிக் காட்ட வந்த மெக்கானிக் வயலிலிருந்து நேராக வந்த பச்சை நெல்லைப் போட்டு நிறுத்தாமல் ஓட்டிக் காட்டினார். ஒரு அரிசி உடையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆனால் புதுவயலில் ஓடுவது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, அதன்பிறகு காயவைக்க வேண்டும். அந்த நெல் மிஷினுக்குள் போனபோதுதான் கதை மாறியது. காரைக்குடி வியாபாரி முத்துவேல் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். கூடவே போனில் ஒரு வார்த்தை. "பாய், நொய்யி வாங்குறதுக்கு நான் என்ன கோழிப்பண்ணையா வச்சிருக்கேன்?"

ஹலீம் அரைக்கிற மிஷினில்தான் கோளாறு என்று ஆளைக் கூப்பிட்டு ரப்பர் உருளையை மாற்றினார். மாறவில்லை. அடுப்புச் சூட்டைக் குறைத்தார்கள். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. ஷரபுன்னிசா மட்டும் காய்ந்த நெல்லைக் கையாலேயே உமி உரித்து, ஒவ்வொரு அரிசியாகப் போன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். புழுங்கல் அரிசிக்குள் வெளிச்சம் ஊடுருவும். முழுதாக இருந்த அரிசியின் குறுக்கே மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்தது. அரைக்கும் முன்னாலேயே அரிசி உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கிறது. அரைக்கும்போது அது இரண்டாகிறது, அவ்வளவுதான். கோளாறு காய்வதில் இருந்தது. இன்னொன்றையும் கவனித்தாள். மிஷினைவிட்டுச் சூடாக வரும்போது கோடு கிடையாது. ஆறியபிறகுதான் விழுகிறது.

வெள்ளிக்கிழமை அரிசியில் கோடே இல்லை.

சொளகுகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு அவள் நேராக அடுப்படிக்குப் போனாள். அடுப்பும் மிஷினும் பார்க்கிற பெத்தன் உமிச் சாக்கில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"பெத்தா, வெள்ளிக்கெழம நீ என்ன செஞ்ச?"

"நான் ஒண்ணுஞ் செய்யலக்கா. சத்தியமா."

"அட, குத்தஞ் சொல்ல வரலப்பா. மத்த நாளைக்கும் அன்னைக்கும் என்ன வித்தியாசம்?"

பெத்தன் யோசித்தான். "பாய் ஜும்மாவுக்குப் போவாரு. அந்நேரம் மில்லு ஓடக்கூடாதுன்னு உங்க அத்தா காலத்துலேருந்து பழக்கம். அடுப்பை மூடி, காத்தாடிய நிப்பாட்டிட்டு நானும் செத்த கண்ணசருவேன். பாய் தொழுதுட்டு, சாப்புட்டு, வந்து எழுப்பிவிட்டா மறுபடி ஓட்டுவேன்."

"நெல்லு?"

"அது எங்குட்டுப் போகும்? மிஷினுக்குள்ளதான் கெடக்கும்."

அவளுக்குள் ஏதோ ஒன்று சடக்கென்று பொருந்தியது. அன்று சனிக்கிழமை, மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் பார்த்து மிஷினை நிறுத்தச் சொன்னாள். "நீயும் படுத்துக்க" என்றாள் பெத்தனிடம். "இதுக்கெல்லாம் சொல்லணுமா?" என்று அவனும் படுத்துக்கொண்டான். சாயங்காலம் ஓட்டி முடித்து, ஞாயிறு காலையில் அரிசியை வெளிச்சத்தில் பிடித்தாள்.

கோடு இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாட்களைப்போலவே இருந்தது.

"நான் சொன்னேன்ல" என்றார் ஹலீம். அவர் குரலில் ஜெயித்த சந்தோசம் இல்லை. "நாளைக்கு அந்தக் கம்பெனி மேடம் வருது. மிஷினு ஓடாத எடத்துலேருந்து எடுத்துத் தஞ்சாவூர்ப் பக்கம் குடுக்கப்போறாகளாம். பள்ளத்தூர் மில்லு மாயக்கண்ணன் மிஷினைத் தார்ப்பாயைப் போட்டு மூடிட்டு, ஷெட்டுல ஆட்டைக் கட்டியிருக்காரு. நாமளும் உள்ளதைச் சொல்லி ஒப்படைச்சிருவோம். நான் தம்மாமுக்குப் பேசிர்றேன். ரெண்டே வருசம். களத்தைப் போட்டுக்கலாம்."

"போன தடவையும் ரெண்டே வருசம்னுதான் போனீக."

"இப்ப வேற வழி இருந்தாச் சொல்லு."

"செவ்வாக்கெழம வரைக்கும் பேசாம இருங்க. அதுக்குமேல நான் தடுக்கல."

திங்கட்கிழமை முற்பகலில் ஹேமாவதி வந்தார். மதியம்வரை மிஷின் ஓடுவதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நொய்யையும் பார்த்தார். முகம் சுருங்கியது. பொய்யாக நல்ல வார்த்தை சொல்லவில்லை, குறையும் சொல்லவில்லை.

"பள்ளத்தூர், வலையபட்டி எல்லா இடத்துலயும் இதே கதைதான் அக்கா. மெக்கானிக்கைக் கேட்டா சூட்டைக் குறைங்கன்னு மட்டும்தான் சொல்றார். தஞ்சாவூர்ல பச்சை நெல் காயவைக்கிறவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. சும்மா நிக்கிற மிஷினை நான் எப்படி இங்க வச்சிருக்க முடியும்?"

"அதெல்லாம் அப்பறம் பேசலாம். மொதல்ல சாப்புடுங்க. எங்க வீட்டுல இப்ப ரெண்டு வேளையும் நொய்க்கஞ்சிதான். யாரும் வாங்க மாட்டேங்கிறாக, நாமதான் தின்னு தீக்கணும்."

"நோம்புக்கு இன்னும் நாள் கெடக்கு. அதுக்குள்ள புதுவயலுக்கே கஞ்சி காச்சி ஊத்திரலாம்" என்றாள் நாகவல்லி.

தேங்காயும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி. தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாட்டு வறுவலும் புதினாத் துவையலும். ஷெட்டு நிழலில், மிஷின் சத்தத்துக்குமேல் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். வெளியே உடைந்த களத்தின்மீது வெயில் வெள்ளையாக நின்றது.

"களம் நல்லாருந்தா இந்நேரம் குமிச்சுப் போட்டுட்டு வீட்டுக்கே போயி ஒரு தூக்கம் போட்டுட்டு வந்திருப்போம்" என்றாள் நாகவல்லி.

ஹேமாவதி நிமிர்ந்தார். "குமிச்சா? எதுக்கு? இதுதானே நல்லா வெயில் அடிக்கிற நேரம். இப்பதானே பரப்பிப் போடணும்?"

"நீங்க அந்தச் சிமென்ட்டுல செருப்பில்லாம நாலு எட்டு வைங்க மேடம், பெறகு கேப்பீகளா? நெல்லைக் காலால கிண்டி விட்டுக்கிட்டே நடக்கணும். உச்சி வெயில்ல பாதம் வெந்து போகும். அதனால கூட்டிக் குமிச்சு, சாக்கைப் போட்டு மூடிட்டுக் கஞ்சி குடிக்கப் போவோம். வெயில் சாஞ்சப்பறம் கலைச்சுவிட்டு மறுபடி காயவைப்போம். மிஷினுக்கு என்ன, அதுக்குக் காலா இருக்கு சுடுறதுக்கு? அது பாட்டுக்கு ஓடுது."

ஷரபுன்னிசா கஞ்சியைக் கீழே வைத்தாள்.

"நாகவல்லி, அப்ப களத்து நெல்லு என்னைக்குமே ஒரே மூச்சுல காஞ்சதில்ல."

"எப்படிக் காயும்? அதான் சொல்றேன்ல, காலு சுடும்னு."

"கால் சுடுறதுக்காகக் குமிச்சோம். ஆனா நெல்லுக்கும் அது தேவைப்பட்டிருக்கு. நமக்கே தெரியல." அவள் ஹேமாவதி பக்கம் திரும்பினாள். "மேடம், வெள்ளிக்கெழம மட்டும் உடையல. அன்னைக்குத்தான் நடுவுல மிஷின் நிக்கும்."

ஹேமாவதி சாப்பிட்ட கையோடு யோசித்தார். "எங்க பெயின்ட்ல ஒண்ணு நடக்கும் அக்கா. அடிச்ச பெயின்ட் மேல சீக்கிரம் காஞ்சு, உள்ள ஈரமா இருந்தா மேல் தோல் இழுத்து வெடிச்சிரும். வெயில்ல அவசரமா அடிச்ச சுவர்ல பாம்புச் சட்டை மாதிரி விரிசல் விழும். அதனாலதான் நடுவுல நேரம் விடச் சொல்லுவோம். உள்ள இருக்கிற ஈரம் வெளிய வந்து சமமாகணும்."

"அதேதான். அவிச்ச நெல்லு நடுவரைக்கும் தண்ணி குடிச்சிருக்கு. சூட்டுக்காத்து மேல மட்டும் உறிஞ்சிருது. வெளிய சுருங்குது, உள்ள சுருங்கல. ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்தா நடுவுல விரிசல் விடாம என்ன செய்யும்? சும்மா போட்டு வச்சா உள்ள இருக்குற ஈரம் மெல்ல வெளிய பரவும்." சொல்லிவிட்டு அவளே தன் பேச்சை மறித்தாள். "ஆனா சனிக்கெழமயும் நிப்பாட்டினேனே. அன்னைக்கு ஏன் உடைஞ்சுச்சு?"

பெத்தன்தான் சொன்னான். "சனிக்கெழம காலையில கரண்டு போயி லேட்டாத்தானக்கா வந்துச்சு. நெல்லைப் போட்டதே வெயில் ஏறினதுக்கப்பறம். நீங்க பாங்கைக் கேட்டு நிப்பாட்டச் சொன்னப்ப அது சொதசொதன்னு கெடந்துச்சு."

"அதைக் குமிச்சா புளிச்ச வாடைதான் அடிக்கும்" என்றாள் நாகவல்லி. "காலையில நெல்லு வெரலிடுக்குல அப்பும். அப்பக் குமிக்க மாட்டோம். ஒட்டாம உதுந்து விழும் பாருங்க, அந்நேரம் பாத்துத்தான் தரையும் சுட ஆரம்பிக்கும்."

ஷரபுன்னிசா எழுந்து மிஷினின் சின்னக் கதவைத் திறந்து கை நிறைய நெல்லை அள்ளினாள். இறுக்கிப் பிடித்து விரித்தாள். பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளங்கையில் இரண்டே நெல் ஒட்டியிருந்தது. ஹேமாவதி தன் பையிலிருந்து ஈரம் பார்க்கும் கருவியை எடுத்து, ஒரு பிடி போட்டுத் திருகினார். பதினேழு சதவீதம் என்று காட்டியது.

"பெத்தா, நிப்பாட்டு!"

ஹலீம் பதறினார். "ஏ புள்ள, கம்பெனிலேருந்து வந்து பாத்துக்கிட்டிருக்கையில மிஷினை நிப்பாட்டுறதா? ஓடலைன்னுதானே எழுதிட்டுப் போவாக?"

"ஓடுறதைக் காட்டி நொய்யத்தானே மச்சான் அள்ளுறோம். நிப்பாட்டு பெத்தா!"

பெத்தன் ஹலீமைப் பார்த்தான். ஹேமாவதியைப் பார்த்தான். பிறகு அடுப்புக் கதவைச் சாத்திக் காத்தாடியை அணைத்தான். திடீரென்று வந்த அமைதியில் களத்துக் குருவிகளின் சத்தம் கேட்டது.

காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நெல் மிஷினுக்குள் மூடிக் கிடந்தது. ஷரபுன்னிசா தகரத்தின்மீது கையை வைத்துச் சூடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "காய்ச்சக்காரப் புள்ளையத் தொட்டுப் பாக்குற மாதிரி பாக்குறாகளே" என்றாள் நாகவல்லி. ஹேமாவதி காரைக்குடி லாட்ஜுக்குப் போன் செய்து, அறை நாளைக்கும் வேண்டும் என்றார். சாயங்கால அஸர் தொழுதுவிட்டு ஹலீம் வந்தபோது தகரம் கைச்சூடாக இருந்தது. அடுப்பில் உமியைக் குறைத்துப் போட்டு, மறுபடி ஓட்டினார்கள். ஈரம் இறங்கி முடிந்ததும், நெல்லைச் சாக்கில் பிடித்து ஆற வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஹேமாவதி வரும்போது ஷரபுன்னிசா உமி உரித்த அரிசியை ஒவ்வொன்றாகப் போன் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து தன் போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டார். இருவருமாகப் பார்த்தார்கள். ஒன்றிலும் கோடு இல்லை. கொஞ்சம் பொறுத்து, ஒன்றில் இருந்தது. அதற்குப் பிறகு கைப்பிடி முழுக்க ஒன்றும் இல்லை.

"அரைச்சிரலாம்" என்றாள் ஷரபுன்னிசா.

அரிசி விழுந்தது. நாகவல்லி சொளகில் ஏந்திப் புடைத்தாள். நொய் விளிம்புக்கு வந்து நிற்கும் என்று புடைத்துக்கொண்டே இருந்தாள். வந்தது கொஞ்சம்தான். களத்தில் காய்ந்த காலத்திலும் அவ்வளவு வரும்.

"இதைத்தான் திங்கக்கெழம காயவச்சோம்னு சொன்னா முத்துவேலு நம்பவா போறாரு?" என்றான் பெத்தன்.

"நம்ப வேணாம். வாங்கினாப் போதும்" என்றார் ஹலீம். அவரே ஒரு பையில் அரிசியைக் கட்டிக்கொண்டு காரைக்குடிக்குப் போனார். மதியம் திரும்பி வந்தார். வண்டியை நிறுத்தாமலே, "மூட்டை ஏத்தச் சொல்லிட்டாரு" என்றார். பிறகு ஓரமாகப் போய் நின்று போனில் பேசினார். அவர் பேசிய அரபியில் ஷரபுன்னிசாவுக்கு விளங்கியது ஒரே ஒரு சொல்தான். 'லா' என்றால் இல்லை.

"என்ன சொன்னீக?" என்று தெரியாததுபோலக் கேட்டாள்.

"வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிட்டேன். இங்க ஒரு ஆளு மிஷினை நிப்பாட்டு நிப்பாட்டுன்னு கத்துது. அதைப் பாத்துக்கவே எனக்கு நேரம் சரியாருக்கும்."

ஹேமாவதி கிளம்பும்போது எந்த மிஷினையும் இங்கிருந்து எடுத்துப்போகப்போவதில்லை என்றார். மற்ற மில்களுக்கும் ஈரம் பார்க்கும் கருவி ஒன்றொன்று அனுப்பிவைப்பதாகச் சொன்னார். "அவங்களுக்கு நான் வந்து சொல்றதைவிட நீங்க சொன்னா எடுபடும் அக்கா" என்று, காரில் ஏறும் முன்பே பள்ளத்தூர் மாயக்கண்ணனுக்குப் போனைப் போட்டு ஷரபுன்னிசா கையில் கொடுத்தார்.

மறுமுனையில் எரிச்சலான குரல். "யாரு, புதுவயல் ஷரபுவா? என்னத்தா, மிஷினை ஏத்திவிட லாரி வருதா?"

"லாரி வரல அண்ணே. நெல்லை வரச் சொல்லுங்க. நான் சொல்றதைக் கேளுங்க. அவிச்ச நெல்லை ஒரே ஓட்டா ஓட்டக் கூடாது. முதல்ல கையில பிடிச்சா ஒட்டாம உதிர்ற வரைக்கும் ஓட்டுங்க, மேடம் அனுப்புற கருவியில பதினேழு வரும். அப்ப அடுப்பையும் காத்தாடியையும் நிப்பாட்டிட்டு, நெல்லை மிஷினுக்குள்ளயே மூடிப் போடுங்க. தகரம் கைச்சூட்டுக்கு ஆறின பெறகு, அடுப்பைக் கொறச்சு வச்சு மறுபடி ஓட்டி முடிங்க. அரிசி உடையாது."